மிசாகி விட்டுப் போன வாளி

நல்ல ஜப்பான் மையில் கற்பூர வாசம் வரும், சார். முதல் நாள் முகர்ந்தபோது எனக்குக் கோயில் ஞாபகம் வந்தது. சொன்னேன். மிசாகி சிரித்தாள்.

அவள் மேடையில் எழுதுபவள். தரையில் ஆறு மீட்டர் தாளை விரித்து, துடைப்பம் அளவு தூரிகையோடு வெறுங்காலில் ஓடி ஓடி ஒரே ஓர் எழுத்தை எழுதுவாள். மேளம் அடிப்பார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். நான் கூலிம் ஊரில் ஜப்பான்காரர் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் இருந்தவள், பாஷை கொஞ்சம் தெரியும். மூன்று வருஷமாக அவளுக்கு மை கலக்கியதும் வாளி தூக்கியதும் நான்தான். என் பெயர் லோகேஸ்வரி அவள் வாயில் வராமல் 'ரோகே' என்பாள். அந்தப் பெயரில் என்னை வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

அலோர் ஸ்டாரில் நடக்கும் நிகழ்ச்சியோடு ஜப்பானுக்கே திரும்புவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். அங்கே மை கலக்க ஆள் இருக்கிறது என்றாள், ரொம்ப அன்பாக. மண்டியிட்டுக் கேட்டேன். என் தோளைத் தட்டிவிட்டுத் தாளை அளக்கப் போனாள்.

கரங்கான் ரப்பர் தோட்டத்தில் என் தம்பி ரவிச்சந்திரன் பால் மரம் வெட்டுகிறான். பால் உறைய ஊற்றும் ஆசிட் ஒரு போத்தல் கேட்டேன்.

"என்னக்கா, ஒன் ஜப்பான்காரி மரம் வெட்ட எறங்கிட்டாளா?"

"ஆமாலா," என்றேன். சிரித்தான். அவன்மேல் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அதை ஊற்றினால் ஓடுகிற பால் அப்படியே நின்றுவிடும்.

எழுதுமுன் மிசாகி கண்ணை மூடி, வலது கையை மணிக்கட்டு வரை வாளிக்குள் விட்டு மையின் கனம் பார்ப்பாள். பத்து வரை எண்ணுவாள். அன்று போத்தல் வாசம் தெரியாமலிருக்கக் கற்பூரம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

அவள் நான்கு வரைதான் எண்ணினாள். மேளக்காரர்கள் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். தூக்கிவிடத்தான் பிடித்தேன் என்று பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். இல்லை, சார். நான் கையுறை போட்டிருந்தேன். மீதி ஆறையும் நானே எண்ணினேன்.

விரல் இல்லாவிட்டால் ஒருத்தி வேண்டுமே. சோறு ஊட்ட, தலை வார. நான் நினைத்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை விமானம் ஏறிவிட்டாள் என்கிறீர்கள். இருக்கட்டும். வாளியை அவள் கொண்டுபோகவில்லையே. இதோ, உங்கள் மேஜைமேல், போலீஸ் நம்பர் கட்டி இருக்கிறது. திரும்பி வருகிறவர்கள்தானே, சார், சாமானை விட்டுவிட்டுப் போவார்கள்.