நாற்பத்திரண்டாவது முறையும் சிவப்பு

வலிக்கவே வலிக்காது. ஆய்வுக்கூடத்துக்கு யார் வந்து உட்கார்ந்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், ஐயா. கத்தி கிடையாது, ஊசி கிடையாது. எட்டு வடிவத்தில் வளைத்த ஒரு காந்தச் சுருள். தலைக்கு மேல் பிடித்தால் டக் டக்கென்று தட்டும். மூளையின் அந்த மூலை சிறிது நேரம் வேலையில் சுணங்கும், அவ்வளவுதான். பதினோரு வருடமாக நான்தான் பிடிக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

மனிதர்கள் நஷ்டத்திலிருந்து எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. திரையில் இரண்டு பெட்டிகள், சிவப்பும் நீலமும். சிவப்பை அழுத்தினால் புள்ளி கிடைக்கும். பாதியில் சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றிவிடுவோம். அதே சிவப்பு இப்போது புள்ளியைப் பறிக்கும். சாதாரண ஆள் மூன்று அடி வாங்கியதும் நீலத்துக்குத் தாவிவிடுவார். நெற்றிக்கு மேலே ஓர் இடத்தில் சுருளைப் பிடித்தாலோ, தாவுவதற்கு ஏழெட்டு அடி வேண்டும். ஒரு மணி நேரத்தில் பழையபடி சரியாகிவிடுவார். ஆளுக்கு ஒரே ஒரு முறைதான், திரும்பத் திரும்பப் பிடித்தால் சுணக்கம் தங்கிவிடும் என்று எங்கள் பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

என் கணவர் தச்சர். தங்கமான மனிதர். எனக்கு வாய் நீளம் என்பதைத் தவிர எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் காலையில் தோளில் பையோடு கூடத்தில் நின்றார்.

“உன் வாயால பட்டது போதும். பதினாறு வருஷத்துல இப்பதான் எனக்குப் புத்தி வந்திருக்கு. அக்கா வீட்டுக்குப் போறேன்.”

புத்தி வந்திருக்கிறது என்றாரே, அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது.

“சரி, போங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. ஆராய்ச்சிக்கு ஒரு ஆள் குறையுது, வந்து உக்காருங்க” என்றேன். உதவி என்று கேட்டால் அவருக்கு மறுக்க வராது.

மதியம் பேராசிரியை சாப்பிடப் போயிருந்தார். நான் அளவைச் சற்றுக் கூட்டி வைத்தேன்.

“தலைல மரங்கொத்தி உக்காந்த மாதிரி இருக்கு” என்று சிரித்தார் அவர். சிவப்புப் பெட்டியிடம் நாற்பத்தோரு முறை தோற்றார். நாற்பத்திரண்டாவது முறையும் அதையே அழுத்தினார். எங்கள் கல்யாணத்தைத் திரையில் பார்ப்பது போல இருந்தது.

நாளைக்கும் வர வேண்டும் என்றேன். அப்படியே இரண்டு மாதம், தினமும் மதியம். பத்தாவது நாள் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் நானே அடுக்கினேன். ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்க, விருந்தாளிகள் முன்னால் அவரை மரக்கட்டை என்று திட்டினேன். முகம் சுருங்கியது. அரை மணி நேரத்தில் வந்து, “உனக்கு டீ போடவா?” என்றார். எந்த மனைவிக்கு ஐயா இது கிடைக்கும்?

சில்லறைத் தொந்தரவுகள் இருந்தன. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பார், கையை உதறுவார், மறுபடியும் எடுப்பார். பிறகு பட்டறையில் ரம்ப இயந்திரம் சுட்டுவிரலை எடுத்துக்கொண்டது. கட்டுப் பிரித்த வாரமே நடுவிரல்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். நிறுத்தினால் பட்டுத் தெரிந்துகொள்ளும் குணம் திரும்பிவிடும். திரும்பினால் முதலில் எதை விட்டு விலகுவார், ரம்பத்தையா, என்னையா? எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் தொடர்ந்தேன்.

மூன்றாவது விரலுக்குப் பிறகு நாத்தனார் வந்து இறங்கினார்.

“என்னடா தம்பி ஆச்சு கைக்கு?”

“கட்டை நழுவிடுச்சுக்கா.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும் அதே மாதிரிக்கா. ஆச்சரியமா இல்ல?”

நாத்தனார் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தம்பி தினமும் மதியம் எங்கே போகிறார் என்று விசாரித்து, மறுநாளே பேராசிரியையிடம் போய் நின்றார். இன்று விசாரணைக்கு நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சம்மதம் வாங்கினாயா என்று கேட்டீர்கள். வாங்கினேன். தினமும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடைசி முப்பதும் இடது கையால் போட்டவை, அதனால்தான் கோணலாக இருக்கின்றன. எல்லாவற்றையும் தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பேராசிரியைக்கு இதில் எதுவும் தெரியாது.

ஆனால் அவரைக் கட்டாயப்படுத்திக் கூட வைத்திருந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இன்று காலை கிளம்பும்போது அவரிடமே கேட்டேன், “என்னை விட்டுட்டுப் போகணும்னு தோணுதா?”

“எதுக்கு?” என்றார்.

நீங்களே சொல்லுங்கள், மனதில் பாசம் இல்லாமலா அப்படி ஒரு வார்த்தை வரும்?