மண்ணில் கால் வைக்காத பதினோரு குஞ்சு

...நீங்களே நியாயம் சொல்லுங்கக்கா! ஏழு வாரக் கோழிக்குஞ்சு இப்படியா பொத்துனு உக்காந்துக்கும்? கூண்டுக்குள்ள எட்டிப் பாருங்க, அந்த மூலையில மூணு. எழுந்திருக்கவே மாட்டேங்குது. காலு ரெண்டும் பக்கவாட்டுல போயிடுச்சு. மூச்சு எப்படி வாங்குது பாருங்க, ஏதோ மலையேறிட்டு வந்த மாதிரி. ஏறினது என்ன? தட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு அடி!

எல்லாம் எனக்குச் சேவல் வித்தாரே, அந்தச் சேவல்காரர் பண்ணின வேலை. 'சுத்த நாட்டுச் சேவல்மா, கலப்பே கிடையாது'ன்னு தலையில கை வச்சு சத்தியம் பண்ணினார். யார் தலையில? பாவம், சேவல் தலையில! அதோட ரத்தம் பாதி ஓடினா குஞ்சு இப்படியா ஊதும்?

உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க. பக்கத்து வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு, இன்னிக்குத்தான் நம்ம கேட்டைத் திறந்திருக்கீங்க. கண்ணு ஏன் இப்படிச் செவந்து கிடக்கு? புது இடம், தூக்கம் வந்திருக்காது... குட்டி, ஆ காட்டு. இன்னும் ஒரே ஒரு வாய். நாலு வயசாச்சு இவனுக்கு. இடுப்புல வச்சு ஊட்டினாத்தான் எனக்கு நிம்மதி. கீழ விட்டா ஆணி இருக்கும், கண்ணாடி இருக்கும், பூச்சி இருக்கும். எங்க வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும், முள்ளு குத்தினா எடுக்கிறது நான்தானே?

இவனுக்காகத்தான் இத்தனை பாடும். கடைக்கோழி, அதான் பிராய்லர், ஆறு வாரத்துல ரெண்டரை கிலோவாம்! ஆறு வாரத்துல இவனுக்குக் கழுத்தே நிக்கலைக்கா! நிக்கவும் முடியாம நடக்கவும் முடியாம ஊதின அதைப் போய் என் பிள்ளை வாயில எப்படி வைப்பேன்? சரி, நாட்டுக்கோழின்னு போனா எலும்பும் தோலும். அதான் யோசிச்சேன். கடைக்கோழி இனத்துல பெட்டை, நாட்டுல சேவல். ரெண்டையும் சேர்த்தா குஞ்சு நிதானமா மூணு மாசம், மூணரை மாசம் வளரும். நெஞ்சுல சதையும் இருக்கும், காலும் கெட்டியா இருக்கும்.

பெட்டைக்காகக் கடைக்கோழிக் குஞ்சு பத்து வாங்கினேன். கொழுத்துட்டா முட்டை விடாதுன்னு வேளைக்கு வேளை அளந்து அளந்து தீனி போட்டேன். எட்டு செத்துப் போச்சு. தேறினது ரெண்டு. அந்த ரெண்டுக்குப் பிறந்ததுதான் இந்தப் பதினொண்ணும். ஒரு வருஷ உழைப்பு! என் நாத்தனார் வேற, "என்னடி, கோழிக்குச் சம்பந்தம் பேசுறியாமே? சேவல் என்ன படிச்சிருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை நேர்லயே வர்றாங்க. அதுக்குள்ள இந்த மூணும் எழுந்து நடக்கலைன்னா கூண்டையே பிரிச்சுப் போட்டுடுவேன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். பதினொண்ணும் கறிக்கடைக்குப் போயிடும். அப்புறம் நானும் ஊர் மாதிரி கடைக்கோழியே வாங்கணுமாம். என்னால முடியாதுக்கா, சத்தியமா முடியாது.

என்ன கேட்டீங்க? லைட்டா? ஆமாமா, பெரிய பல்பு, விடிய விடிய எரியும். எலி வந்துடுமே! இருட்டுல இதுங்க பயந்துக்காதா? வெளிச்சம் இருந்தா தைரியமா முழிச்சுக்கிட்டு, கொத்திக்கிட்டே இருக்கும். நானும் ரெண்டு தடவை எழுந்து வந்து தட்டை நிரப்பிட்டுப் போவேன். பச்சைப் பிள்ளைங்க பசியோட தூங்கலாமா?

வெளியவா? ஐயையோ, நல்லா சொன்னீங்க! மேல பருந்து, கீழ நாய், சுவத்து மேல பூனை. பொறந்ததுல இருந்து ஒரு நாள் இறக்கினதில்லை.

ஒண்ணும் தெரியாதவள்னு நினைச்சுடாதீங்க. இந்த நோட்டைப் பாருங்க. கான்வென்ட் பழக்கம்... மார்ஜின் போடாம எனக்கு எழுத வராது. முக்கியமானதுக்குச் சிவப்புக் கோடு. முதல் பக்கத்தைப் படிக்கிறேன், கேளுங்க. 'கடைக்கோழி ஏன் கெடுகிறது? ஒன்று: இரவெல்லாம் விளக்கு எரிவதால் தூங்காமல் தின்றுகொண்டே இருக்கிறது. இரண்டு: தீனித் தட்டு காலியாவதே இல்லை. மூன்று: பிறந்ததிலிருந்து மண்ணில் கால்...'

...

'...மண்ணில் கால் வைப்பதில்லை.'

இதுக்கு ரெண்டு கோடு போட்டிருக்கேன்க்கா.

ம்... ஏன்க்கா, உங்க படுக்கையறை ஜன்னல் இந்தப் பக்கம்தானே? பல்புக்கு நேரா...? பத்து நாளாவா? ஐயோ, வந்ததுமே சொல்லக் கூடாதா? ...நான் எங்க சொல்ல விட்டேன்.

இருங்க, கூண்டுத் தாழ்ப்பாளை ஏன் தொடுறீங்க? பருந்து... அக்கா, பருந்து! ...மெதுவா. மெதுவாத் திறங்க. மத்த எட்டும் ஓடுது பாருங்க! இந்த மூணு மட்டும்... ஒண்ணு நகருது. நெஞ்சாலயே தவழ்ந்து வருது. புல்லைக் கொத்துது! நானும் அந்தச் சேவல்காரரை என்னவெல்லாம் திட்டித் தீர்த்தேன்...

குட்டி, ஆ காட்டு. வேண்டாமா? வாயை இறுக்கி மூடிக்கிட்டான் பாருங்க. இறங்கணுமா? செருப்பு எங்கடா? ...சரி, இறங்கு.

அக்கா? அக்கா! ...ஓ, கேட்டைச் சாத்திட்டுப் போயாச்சா. போங்க, போய்த் தூங்குங்க!

டேய், ஓடாதே! விழுந்துடுவே!

...சரி, ஓடு. ஓடு பார்க்கலாம், உன் காலு எப்படி இருக்குன்னு.