பக்கத்து சீட்டுக் கை

ஹலோ... ஹலோ, அக்கா? கேக்குதா?... ஆமா, நான்தான். காரை எடுத்துக்கிட்டு கிளம்பி வா... இல்ல, அடியெல்லாம் ஒண்ணும் படலை, முழுசா இருக்கேன். இனிமே எனக்கு இந்தப் பிளேனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்... ஆமா, ஆமா, நிஜமாத்தான் சொல்றேன்.

இறக்க வரலைக்கா, வேறென்ன?... மேல ஏத்துறது பிரச்சினையே இல்ல, அது பாட்டுக்கு ஏறுது. இறக்குறதுதான் உயிரை வாங்குது. தரையைத் தொடுறப்போ மூக்கை மெல்லத் தூக்கணும். நான் பயத்துல முன்னாடியே தூக்கிடுறேன். அது மறுபடி எழும்பி, அந்தரத்துல நின்னு, தொப்புன்னு... ஆமா. இன்னிக்குப் போன மூணு சுத்தும் இதே லட்சணம்தான். கடைசியில ஒரு குதி குதிச்சுச்சு பாரு, பல்லெல்லாம் ஆடிப்போச்சு.

என்னது?... போன வாரமா? பூ மாதிரி இறக்கினேனா?... ஐயோ, வயித்தெரிச்சலைக் கிளப்பாத. நான் அனுப்பின வீடியோ இருக்குல்ல, அதைத் திற... என் மூஞ்சியைப் பாக்காத, எனக்கே சகிக்கலை. பக்கத்து சீட்டைப் பாரு, கீழ் ஓரத்துல... தெரியுதா? அது யாரு கை?... என் கை இல்லக்கா! என் கை இந்தப் பக்கம் இருக்கு. அது எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுக்கிற மாஸ்டரோட கை!

ஆமா, ஸ்டியரிங் மாதிரி எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. ரெண்டும் சேந்துதான் அசையும்... எனக்கெப்படித் தெரியும்? இறங்குறப்போ ரன்வேயைப் பாப்பேனா, அவர் கையைப் பாப்பேனா? இப்பதான் கேன்டீன்ல உக்காந்து, எங்க தப்பு பண்றேன்னு அதைப் போட்டுப் பாத்தேன்...

சிரிக்காத! மாமா ஆபீஸ் முழுக்கப் போட்டுக் காமிச்சாரே, "என் மச்சினி இறக்கினா, என் மச்சினி இறக்கினா"ன்னு. நான் எங்க இறக்கினேன்? தனியா இறக்கத் தெரியாதவளைத் தனியா ஓட்ட விடுவாங்களா?... ஆமா, இந்த வயசுல வேலையை விட்டுட்டு வந்தேன். ஆமா, நீ அன்னிக்கே சொன்ன. இன்னும் நல்லா சொல்லிக் காமி!

இரு, மாஸ்டரே வர்றாரு... சார்?... வீட்டுக்குப் பேசிட்டிருக்கேன் சார். கிளம்புறேன்... ஏனா? இதோ, இதைப் பாருங்க. உங்க கைதானே?... என்னமோ டீ சாப்பிட்டீங்களான்னு கேட்ட மாதிரி ஆமாங்கிறீங்க! முதல்லயே சொல்றதுக்கென்ன சார்?... இன்னிக்குமா?... முதல் ரெண்டுலயுமா? நீங்க புடிச்சே அந்த அடி அடிச்சுச்சா!... சரி, மூணாவது?

...

கையைக் கட்டிக்கிட்டா உக்காந்திருந்தீங்க?... குதிச்சப்பவுமா? பயமா இல்லையா சார் உங்களுக்கு?... நானா? நான் என்ன பண்ணேன்... மூக்கை அழுத்தாம அப்படியே புடிச்சேன்... இஞ்சினைக் கொஞ்சம் கூட்டினேன்... அது நானா பண்ணது? நீங்க கூட்டலை?... சத்தியமா?

அக்கா... அக்கா, லைன்ல இருக்கியா?... இல்ல, அழலை. அந்தக் கடைசி சுத்துல அவர் கையே வைக்கலையாம்க்கா. குதிச்சதை நானே சமாளிச்சு நானே நிறுத்தியிருக்கேன்... ஆமா, கேவலமாத்தான் இருந்துச்சு. கேவலமா நானே இறக்கியிருக்கேன்!

எது, காரா?... வேணாம், வேணாம். காத்து பலக்கிறதுக்குள்ள இன்னொரு சுத்து போலாங்கிறாரு... சார், இப்பவும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்... ஆமாக்கா, பயமாத்தான் இருக்கு. வைக்கிறேன், வைக்கிறேன்.