ஓட்டை போட்டவர் பெயர்

“ஹலோ… ஆமா, நான்தான். சொல்லுங்க மாப்பிள்ளை… ஆமா, ஆமா… காலையிலேர்ந்து நீங்க செஞ்ச புது ஹெட்செட்டைத்தான் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். காது வலிக்குது. வேற என்ன சொல்லணும்?…”

ஹெட்செட் கம்பெனி முதலாளி தன் தங்கை கணவரிடம் பேசினால் ‘மாப்பிள்ளை’ என்றுதான் ஆரம்பிப்பார். மரியாதையெல்லாம் அந்த ஒரு சொல்லோடு சரி. திறந்த கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரங்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. மற்ற நாளாக இருந்தால் தொண்டை கிழியக் கத்தியிருப்பார். இன்று சாய்ந்து உட்கார்ந்து சாவகாசமாகப் பேசுகிறார். அது எதனால் என்று யோசிக்கிற ஆளில்லை அவர்.

“மெஷின் சத்தம் கேக்கலையா?… சுத்தமாவா?… சரி, கேக்கலைன்னா நல்லது. அதுக்காக உங்களுக்குச் சிலை வைக்கணுமா? மைக்குல முன்னாடி ஒரு ஓட்டை இருந்துச்சு, பின்னாடி இன்னொண்ணு போட்டீங்க. ஓட்டை போடறதுக்குக் கண்டுபிடிப்புன்னு பேரா? எங்க வீட்டு எலிகூடத்தான் போடுது… வேணாம், வேணாம், விளக்காதீங்க. நூறு தடவை கேட்டாச்சு. தூரத்துச் சத்தம் ரெண்டு ஓட்டையிலயும் ஒண்ணா நுழைஞ்சு, ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு செத்துடும். வாய்க்குப் பக்கத்துல பேசறது மட்டும் பொழைக்கும். அதானே?… ஆமா… இதைக் கண்டுபிடிக்க வீட்டுல வாஷிங் மெஷினை ஓடவிட்டு, அதுக்குப் பக்கத்துல உக்காந்து ‘ஹலோ ஹலோ’ன்னு கத்திக்கிட்டு… பாவம் என் தங்கச்சி. அவளை எங்க கொண்டுபோய்த் தள்ளிட்டோமோன்னு எனக்குத் தூக்கமே வரலை… சிரிக்கலைய்யா, நிஜமாத்தான் சொல்றேன்… ம்… பேரா? எந்தப் பேரு?…”

நாளைக் காலை காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போகிறது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கும் என்று கேட்கத்தான் மாப்பிள்ளை கூப்பிட்டிருந்தார். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு ரெக்கார்டு பிளேயருக்கு அவர் ஒரு புது முள் செய்தார், இசைத்தட்டைச் சுரண்டாமல் மெத்தென்று ஓடுகிற முள். அது முதலாளியின் பெயரில் பதிவானது. அன்றைக்கு மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. இன்றைக்குத் திறக்கிறார். அதுவே முதலாளிக்கு எரிச்சல்.

“அந்த முள்ளை இன்னும் விடலையா நீங்க?… ஆமா, என் பேருதான் போட்டேன். நாலு பேருக்குத் தெரிஞ்ச பேரு. உங்க பேரைப் போட்டா எவன் மதிப்பான்?… என்ன, இல்லைங்கறீங்க? நான் முடிச்சுக்கறேன், இருங்க… அட, குறுக்கே குறுக்கே பேசாதீங்க மாப்பிள்ளை. ஒரு நிமிஷம்.”

வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருந்த மைக்கைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார். பழைய டெலிபோன் நாளிலிருந்து வந்த பழக்கம். வாசலில் மேனேஜர் நின்றிருந்தார்.

“யோவ், விண்ணப்பத்தை டைப் அடிச்சாச்சா?… என் பேருதான்யா, வேற எவன் பேரு? இவன்கிட்ட சும்மா ‘சரி’ன்னு சொல்லி வைக்கிறேன், பல்லை இளிச்சுக்கிட்டு போயிடுவான்… தங்கச்சியா? அவ என்னய்யா சொல்லப்போறா! நான் நில்லுன்னா நிப்பா. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் வாஷிங் மெஷின் சுவிட்ச் ஒண்ணுதான்.”

விரலை எடுத்தார். குரலில் தேன் ஊறியது.

“ஆங், மாப்பிள்ளை… நீங்க கேட்டதுல நியாயம் இருக்கு. மேனேஜர்கிட்ட இப்பவே சொல்லிட்டேன். உங்க பேருதான், போதுமா?… என்ன?… நான் அப்படியா சொன்னேன்?… பல்லை… யாரு, நானா?… பின்னாடி ஓட்டை வழியாவா?… ஆமா… ஆமா, முன்னாடி மூடினா பின்னாடி திறந்துதான் இருக்கும்… அடிச்சுக்க ஜோடி இல்லாம எல்லாச் சத்தமும் அப்படியே… ம்… புரியுது.”

முதலாளி தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும் அவருக்கு.

“சரிடா, கேட்டுட்டே இல்ல? கேட்டுக்கோ! என்ன பண்ணுவே? உக்கார இடம் குடுத்தவன் நான். வெளிய போய்ப் பாரு, எவனாவது உன்னை வாசப்படி ஏத்தறானான்னு… யாருகிட்ட குடுக்கறே போனை? அவகிட்ட எதுக்கு… ஹலோ?… பாப்பா! நீ எப்பம்மா வந்தே?… ஸ்பீக்கர்லயா?… ஆரம்பத்துலேர்ந்தா?… இல்லம்மா, அது ஒரு பேச்சுக்கு… சுவிட்சா? சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்… சரி… சரி, நீ பேசு…”

தங்கை இவ்வளவு நேரம் பேசி அவர் கேட்டதே கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்தார். காலைக் கீழே போட்டார்.

“…அவர் பேரைக் கேக்கலையா? பின்ன யாரு பேரை?… உன் பேரா?… எந்த ஓட்டை?… நீயா?… நீ சொல்லித்தான் அவர் போட்டாரா?… ‘ஹலோ ஹலோ’ன்னு கத்தினதும் நீதானா… ஆமா… முள்ளு அவரோடது, அதனால விட்டுட்டாரு. இது உன்னோடது, அதனால விட மாட்டேங்கறாரு… புரியுதும்மா… என்னது, நேரா காப்புரிமை அலுவலகத்துக்கா? நீங்க ரெண்டு பேருமா? வேணாம்மா, இரு, இரு! அண்ணன் சொல்றேன் கேளு. உன் பேரையே போட்டுடறேன். யோவ் மேனேஜர், அதைக் கிழிச்சுப் போடுய்யா!… கேட்டுச்சா?… சத்தியமா… இல்லம்மா, மைக்கு மேல விரலே இல்ல… என்ன?… விரலை வச்சுக்கிட்டுச் சொல்லணுமா? எதுக்கு?… மூடினாத்தான் எனக்கு நிஜம் வருதா?…”

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை மைக்கின் மேல் வைத்து அழுத்தினார். வாயைத் திறந்தார். தன் பெயருக்குப் பதில் தங்கையின் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்முனைக்கு இயந்திரங்கள் தடதடப்பது மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. தங்கை அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.