கீரைத் தண்ணீர்

கீரையைக் கத்தியால் அறுக்கக் கூடாது ஐயா, நகத்தால் கிள்ள வேண்டும். கணுவுக்கு மேலே கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் அன்றோடு சரி. இது தெரியாதவர்கள்தான் தோட்டம் போட்டு ஒரே மாதத்தில் கைகழுவிவிடுகிறார்கள். உங்கள் அறிக்கையில் 'விவரம் தெரியாமல் கொடுத்துவிட்டார்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதித் தருகிறேன். கீரை விஷயத்தில் எனக்கு விவரம் போதாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஆறடிக்குப் பத்தடி மண். வீடு தம்பியுடையது, மண் என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் தையல் மிஷினில் குனிந்து கண் மங்கிய பிறகு, தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். வந்த முதல் வாரமே அங்கே கிடந்த செங்கல் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பாத்தி கட்டினேன். காலையில் ஈரம் காய்வதற்குள் உட்கார்ந்து கிள்ளத் தொடங்கினால், தண்டு ஒடியும் சின்னச் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். மடி நிறைந்த பிறகும் எழுந்திருக்க மனம் வராது. வாழ்நாள் முழுக்க ஊராருக்குத் தைத்தவள் நான். அந்த ஒரு மடிக் கீரைதான் எனக்கே எனக்கென்று இருந்தது.

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் போயிருந்தன. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மருத்துவமனையில் உணவு முறை சொல்லித்தரும் பெண், என்னையும் தம்பி மனைவியையும் உட்காரவைத்து விளக்கினாள். கீரையில் ஓர் உப்பு அதிகமாம். அவன் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது, கூடினால் இதயம் நின்றுவிடும். ஆசைப்பட்டால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, ஒரே ஒரு கரண்டி கொடுக்கலாம். தம்பி மனைவி வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள், அதனால் சமையல் என் பொறுப்பு. ஒன்றரை வருடம் சொன்னது சொன்னபடி செய்தேன். பச்சைத் தண்ணீர் சுழன்று சாக்கடைக்குள் இறங்குவதைப் பார்த்தால் வயிறு எரியும். மிஞ்சிய சக்கையைத் தம்பி ஒரு வாய் தின்றுவிட்டு, "வைக்கோல் மாதிரி இருக்குக்கா" என்பான். நானும் சிரித்துக்கொள்வேன். அவன்மீது எனக்குக் கோபமே கிடையாது.

ஒரு நாள் சாப்பிடும்போது, வீட்டை விற்கப் போவதாகச் சொன்னான். மருத்துவமனைக்குப் பக்கத்தில், நாலாவது மாடியில், ஒரு வீடு பார்த்து முடித்துவிட்டானாம்.

"அங்க செடி வைக்க எடம் இருக்காடா?" என்று கேட்டேன்.

"ஜன்னல்ல ரெண்டு தொட்டி வெச்சுக்கக்கா. உனக்கும் வயசாகுது, எதுக்குக் குனிஞ்சு நிமிர்ந்துகிட்டு."

நல்ல மனதோடுதான் சொன்னான். நானும் சரி என்றேன். மறுநாள் பாத்தியில் உட்கார்ந்தபோது, இந்தத் துளிரை யார் கிள்ளுவார்கள் என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்தது. அன்று நான் தண்ணீரை வடிக்கவில்லை. கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அதிலேயே சுண்டவிட்டுக் கடைந்து, கிண்ணம் நிறையக் கொடுத்தேன். என் மண்ணின் சத்தை இனியும் சாக்கடைக்குக் கொடுப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "இன்னிக்குத்தான்கா கீரை கீரையா இருக்கு." மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதன் பிறகு தினமும் அப்படியே கொடுத்தேன்.

நாலாம் நாள் கால் மரத்துப்போகிறது என்றான். ஐந்தாம் நாள் மதியம் அவன் விரல்களில் சாப்பாடு நிற்கவில்லை. அடுத்த டயாலிசிஸுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. தட்டில் சிந்தியதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அக்கா, தண்ணிய வடிச்சியா?"

மருத்துவமனை ஆட்டோவில் அரைமணி நேரத் தூரம். இல்லை என்று சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பார்கள். அது அப்போதே எனக்குத் தெரியும்.

"வடிச்சேன்டா, எப்பவும் போலத்தான்" என்றேன்.

"கையத் தூக்க முடியலக்கா."

பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டேன். அவசரப்படுத்தாமல், வாயைத் துடைத்துத் துடைத்து, கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினேன். அவன் மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாய்கூட அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா.