பதற்றமடையத் தேவையில்லை

இல்ல சார், ஃபேன் வேணாம். போட்டீங்கன்னா பேப்பரெல்லாம் பறக்கும், அப்புறம் நீங்க எழுதினதை நீங்களே தேடிட்டு இருக்கணும். நான் நல்லாத்தான் இருக்கேன். நாலு மணிக்குள்ள என்னை விட்டீங்கன்னா போதும். ஆமா, ஒரு இடத்துக்குப் போகணும். நாலுலேருந்து அஞ்சு வரைக்கும்தான் உள்ள விடுவாங்க. அது கிடக்கட்டும், நீங்க கேளுங்க.

வேலையா? மைக்ல சொல்றதுதான் சார் என் வேலை. வண்டி மேல ரெண்டு ஸ்பீக்கர், ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில மைக். தண்ணி ஆபீஸ்ல சேர்ந்து ஆறு வருஷம். அதுக்கு முன்னாடி தனியாத்தான் ஓட்டிட்டு இருந்தேன். செருப்புக் கடைக்குச் சொல்லியிருக்கேன், சர்க்கஸுக்குச் சொல்லியிருக்கேன். ஒருதடவை ஆடு காணாமப் போச்சுன்னு ஒருத்தர் வந்தார். பழுப்பு ஆடு, எடது கொம்பு பாதி இல்ல, கூப்பிட்டா திரும்பிப் பாக்காது, பாத்தவங்க சொல்லுங்க. அவ்வளவுதான் சொன்னேன். அரை மணி நேரத்துல ஆட்டைப் பிடிச்சுட்டு வந்துட்டாங்க சார். அந்த ஆட்டுக்கு இருந்த மரியாதை கூட இந்த ஊர் ஜனங்களுக்கு இல்லாமப் போச்சேன்னுதான்... சரி, சரி. விஷயத்துக்கு வர்றேன்.

அன்னைக்குக் காலையில சூப்பர்வைசர் ஒரு பேப்பர் குடுத்தார். இதோ, மடிச்சு மடிச்சுக் கிழியப் போகுது, ஆனா எனக்குப் பேப்பரே தேவையில்ல, மனப்பாடம். குழாய்ப் பராமரிப்புப் பணிகள் காரணமாக விநியோகிக்கப்படும் குடிநீரின் தன்மையில் தற்காலிக மாறுபாடு ஏற்பட வாய்ப்புள்ளது. பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை. உரிய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன. பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இப்போ நீங்க சொல்லுங்க சார். நீங்க படிச்சவர், தலைமை ஆபீஸ்லேருந்து வந்திருக்கீங்க. இதைக் கேட்டுட்டு ஒருத்தன் தண்ணி குடிக்கணுமா, குடிக்கக் கூடாதா?

சிரிக்காதீங்க சார். அஞ்சாவது தெருவுல டைலர் ஒருத்தர் கழுத்துல டேப்போட ஓடி வந்து, இன்னொருதரம் சொல்லுப்பான்னார். சொன்னேன். மறுபடியும் சொல்லுன்னார். சொன்னேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, அப்போ குழாயில தண்ணி வருமா வராதான்னு கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா ஒண்ணு, ஒத்துழைப்பு நல்கணுமாமே, நாங்க வந்து குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமான்னுச்சு. தெருவே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். எட்டாவது தெருவுல ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர், எல்லாருக்கும் அவரே விளக்கம் சொன்னார். பயப்பட வேணாம்னு சொல்றாங்க, வேற ஒண்ணுமில்ல, போய்ப் பிடிங்கன்னுட்டார். அவர் மேல தப்பே இல்ல சார். அந்தப் பேப்பர்லயே புரியற மாதிரி இருந்தது அந்த ஒரு வரிதானே! எல்லாரும் போய்ப் பிடிச்சு வச்சுக்கிட்டாங்க.

கேட்டேன் சார், கேக்காம இருப்பேனா? சூப்பர்வைசர் என் பக்கத்துலயேதான் உக்காந்து வந்தார். சார், குடிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சேத்துக்கட்டுமான்னேன். அவர் பொறுமையாத்தான் சொன்னார். தம்பி, குடிங்கன்னு சொன்னா நாளைக்கு நம்மளைப் பிடிப்பாங்க. குடிக்காதீங்கன்னு சொன்னா, வேற தண்ணி எங்கேன்னு இன்னைக்கே கேப்பாங்க. வேற தண்ணி நம்மகிட்ட இல்ல. அதனாலதான் மேல உக்காந்து யோசிச்சு, ரெண்டையும் சொல்லாம எழுதியிருக்காங்க. நீ எழுதினதை வாசி. இதான் அவர் சொன்னது. நல்ல மனுஷன்தான். வெயில்ல எனக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்தார்.

பன்னண்டாவது தெரு. அதுக்குத்தான் வர்றேன்.

மணி ஒண்ணாச்சு. பசிக்குதுன்னு சூப்பர்வைசர் முனையில இறங்கி ஓட்டலுக்குப் போயிட்டார். நீ இந்தத் தெருவை முடிச்சிட்டு வான்னார். நான் மட்டும் வண்டியில. பக்கத்து சீட்டு காலி. அந்தக் காலி சீட்டைப் பாத்தேன் சார். பேப்பரை அதுமேல வச்சேன். மைக்கை எடுத்தேன். குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க. சாக்கடை கலந்திருக்கு. பிள்ளைங்களுக்குக் குடுத்துடாதீங்க. பிடிச்சு வச்சிருந்தா கொட்டிடுங்க. இவ்வளவுதான் சொன்னேன். மூணு தடவை சொன்னேன். யாரும் வெளிய வந்து என்னப்பா சொல்றேன்னு கேக்கல சார். உள்ள போனாங்க, குடத்தோட வந்தாங்க, கொட்டினாங்க. தெரு பூரா தண்ணி ஓடுச்சு. அதை யாரோ செல்போன்ல எடுத்து அனுப்பிட்டாங்க. அதான் மெமோ.

மெமோவைப் பாத்தீங்களா? அங்கீகரிக்கப்பட்ட வாசகத்திலிருந்து விலகி, தேவையற்ற அச்சம் ஏற்படும் வகையில் சொந்தக் கருத்தை வெளிப்படுத்தியது. சாக்கடைங்கறது என் சொந்தக் கருத்தாம் சார்! எங்க வீட்டுச் சொத்து!

இப்போ என்ன எழுதினீங்க? கொஞ்சம் வாசிங்களேன். இல்ல, சும்மா, நான் சொன்னது சரியா வந்திருக்கான்னு.

வயிற்று உபாதை தொடர்பான சில தகவல்கள் கிடைக்கப் பெற்றதாக... சார், நான் எப்போ சார் அப்படிச் சொன்னேன்? உள்ள வந்து உக்காந்ததுமே, பதினொரு தெருவுல ஜனங்க வாந்தியும் பேதியுமா கிடந்தாங்கன்னு சொன்னேன். ஆஸ்பத்திரியில பெட் இல்லாம வராந்தாவுல பாயைப் போட்டு படுக்க வச்சாங்கன்னு சொன்னேன். பன்னண்டாவது தெருவுலேருந்து ஒருத்தர் கூட வரலைன்னும் சொன்னேன், அதைக் காணோம். பழக்கமா? இருக்கும் சார், உங்களைச் சொல்லி என்ன பண்றது. கை அப்படியே போகுது. தயவுசெஞ்சு அடிச்சிட்டு எழுதுங்க. வாந்தி. பேதி. உங்க பேனாவுக்கு ஒண்ணும் ஆயிடாது.

சாக்கடை கலந்தது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. எங்க ஆபீஸ்ல குழாய் ரிப்பேர் பாக்கற ஃபிட்டர் சொன்னார். எப்போ சொன்னாரா?

தண்ணி கொஞ்சம் கிடைக்குமா சார்? பாட்டில் தண்ணிதானே.

காலையில சொன்னார். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே. ராத்திரி பள்ளத்துல இறங்கிப் பாத்தவர் அவர்தான். கையைச் சோப்புப் போட்டுத் தேச்சுக்கிட்டே சொன்னார், மாப்ளே, ரெண்டு குழாயும் உடைஞ்சு ஒண்ணாக் கலக்குது, உங்க வீட்ல யாரும் அந்தத் தண்ணியத் தொடாதீங்கன்னு. ஆமா சார், தெரிஞ்சுதான் மைக்கைப் பிடிச்சேன். எழுதுங்க, அதையும் எழுதுங்க. உடனே என் வீட்டுக்காரிக்குப் போன் பண்ணிட்டேன். குழாயத் திறக்காதே, ரெண்டு கேன் வாங்கிக்கோன்னேன். அவளுக்கு ஒரே தடவையில புரிஞ்சுது.

அக்காவுக்கும் பண்ணியிருக்கலாம். கூடப் பிறந்த அக்கா சார். அப்பா அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி நிறுத்தினவ. முதல் தெருதான் அவ வீடு. எப்படியும் அங்கேதானே முதல்ல போறோம், நேர்லயே சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

போனேன். என் குரல் கேட்டதும் குடத்தோட வாசலுக்கு வந்துட்டா. வண்டிக்குப் பக்கத்துல வந்து, டேய், தண்ணி ஒரு மாதிரி கலங்கலா வருதே, குடிக்கலாமா வேணாமான்னு கேட்டா. சூப்பர்வைசர் பக்கத்துல உக்காந்திருக்கார். மைக் ஆன்ல இருக்கு. நான் அவளைப் பாத்து என்ன சொன்னேன் தெரியுமா? தன்மையில தற்காலிக மாறுபாடு, பதற்றமடையத் தேவையில்லன்னேன். என் அக்காகிட்ட சார். அவ ஒரு நிமிஷம் என்னைப் பாத்தா. அப்போ ஒண்ணுமில்லைங்கறேன்னு சிரிச்சிட்டுப் போயிட்டா. கண்ணையாவது காட்டியிருக்கலாம் நான்.

பன்னண்டாவது தெருவை முடிச்ச கையோட வண்டியைத் திருப்பிக்கிட்டு அவ வீட்டுக்குத்தான் ஓடினேன். சாப்பிட்டுட்டு ரெண்டு சொம்பு குடிச்சிட்டுப் படுத்திருந்தா. சாயங்காலம் ஆரம்பிச்சுது.

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மெமோவை மாத்திக் குடுங்க. பன்னண்டாவது தெருவுல பேசினதுக்கு இல்ல. ஒண்ணுலேருந்து பதினொண்ணு வரைக்கும் எழுதினதை எழுதினபடியே வாசிச்சேன் பாருங்க, அதுக்குப் போடுங்க. வேலை போனாப் போகட்டும். ஆடு தேடிக் குடுத்துப் பொழைச்சுக்குவேன்.

அப்படி ஒரு பிரிவே இல்லையா? விதியில இல்லாததை எழுத முடியாதுங்கறீங்க. சரிதான்.

இப்போ எப்படி இருக்காங்கன்னா... டாக்டர்கிட்ட கேட்டேன். தொடர் கண்காணிப்புல இருக்காங்க, முன்னேற்றத்தை எதிர்பார்க்கறோம்னார். அவர் போனதும் அந்தச் சின்ன நர்ஸ்கிட்ட, அம்மா, நீயாவது தமிழ்ல சொல்லுன்னேன். அது ரெண்டு பக்கமும் பாத்துட்டு, கிட்னி ரெண்டும் போச்சுண்ணா, இன்னும் ரெண்டு மூணு நாள்தான், பேசறதைப் பேசிடுங்கன்னுச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன் சார். நர்ஸ்னு எழுதிடாதீங்க, அந்தப் பொண்ணுக்கும் மெமோ குடுத்துருவாங்க.

எல்லாம் சொல்லியாச்சு. கையெழுத்து எங்க போடணும்?

இருங்க. நெருங்கிய உறவினர் ஒருவர்னு எழுதியிருக்கீங்களே, அது யாரு? அக்கான்னு எழுதுங்க சார். அவளையாவது அவளாவே எழுதுங்க.

நன்றி சார். மணி மூணேமுக்கால், போனா சரியா இருக்கும். நேத்து உக்காந்திருந்தப்போ அவளே கேட்டா. குரலே இல்ல, காதை வாய்கிட்ட வச்சுத்தான் கேட்டேன். டேய், என்ன சொல்றாங்க, பொழைப்பேனா மாட்டேனா? குடத்தோட வந்து கேட்டா பாருங்க, அதே மாதிரி. சூப்பர்வைசர் இல்ல, மைக் இல்ல, பேப்பர் இல்ல. நானும் அவளும்தான்.

உரிய சிகிச்சை குடுத்துட்டு இருக்காங்க, பதற்றப்பட வேணாம்னேன்.

அப்போ ஒண்ணுமில்லைங்கறேன்னு சிரிச்சா சார்.