'முடிவு' என்று எழுதிய பெனர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் கண்டி பஸ் அசையாமல் நின்றது. எனக்கு முன் சீட்டில் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவரின் முழங்கையில் காய்ந்த சிராய்ப்பு.

"இந்த வருஷம் நாலு மலைச் சைக்கிள் போட்டி ஓடினனான். 'முடிவு' எண்ட பெனரை ஒருக்காலும் கண்ணால காணேல்லை," என்றார் அவர்.

"பாதியில விட்டுட்டீங்களா அக்கா?"

"இல்லை, நாலையும் முடிச்சனான். எல்லாத்திலயும் கடைசி. நான் போய்ச் சேரேக்க பெனரைக் கழட்டிப்போடுவாங்கள்."

மற்றவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். "போன மாசம் நாவலப்பிட்டியில ஓடினீங்களே, அங்கேயுமா?"

"அங்க சுருட்டி லொறியில ஏத்திப்போட்டாங்கள். நான் தேயிலைக்குள்ளால வாறதைக் கண்டிட்டு ரெண்டு பெடியள் திரும்ப இறக்கி, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சவங்கள். அவசரத்தில பெனரின்ர பின்பக்கத்தைக் காட்டிப்போட்டாங்கள். எட்டு மணித்தியாலம் மிதிச்சு வந்து பார்த்தால், 'ஆரம்பம்' எண்டு கிடக்கு."

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

"அப்ப அடுத்த வருஷம்?"

"பெரிய ஆசை ஒண்டும் இல்லை. கழட்ட முந்திப் போய்ச் சேரோணும். அதுக்குத்தான் வெள்ளன எழும்பி பல்லேகல பக்கம் ஏத்தத்தில பழகிறன்."

பஸ் நகர்ந்தது. மற்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க பதறாம வாங்க அக்கா. நான் முன்னாடியே போய் அந்த பெனருக்குக் கீழ கதிரையப் போட்டு உக்காந்துக்கிறேன். எவன் வந்து கழட்டுறான்னு பாப்போம்."